யாழ்நூலாசிரியரும் ஓர் அமெரிக்க இசைப்புலவரும்

யாழ்ப்பாணம் என்னும் பெயரிலே யாழ் உண்டு; யாழ்ப்பாணத்திலே யாழ் இல்லை. தமிழகத்திலும் வழிவழியாக வந்த யாழ் ஒன்றேனும் எஞ்சியிருக்கவில்லை. பத்துப்பாட்டினுள் இரண்டு ஆற்றுப்படைகள் பாணர் ஏந்திய சிறிய யாழையும் பெரிய யாழையுங் கொண்டே பெயர் பெற்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை யாழாசிரியனுக்கென்றே இலக்கணம் வகுத்தது. கோணமாமலை அமர்ந்த பெருமானைத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. பிள்ளையாருடன் தலந்தோறுஞ் சென்று அவர்தம் பதிகங்களை யாழிலிட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் எனப் பெரியபுராணம் கூறும். இலக்கியத்தின் ஏடுதோறும் ஒலிக்கும் இக்கருவி நம் செவிக்கு எட்டாதொழிந்து பன்னூறாண்டுகள் ஆயின.

அதன் ஒலியை ஏட்டிலிருந்து மீட்டெடுக்க முயன்றவர் விபுலாநந்த அடிகள். அவர் இயற்றிய 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்து, 1949இல், அமெரிக்க நாட்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் ஹாரி பார்ட்ச் என்பார் எழுதிய 'ஓர் இசையின் தோற்றம்' என்னும் நூலை வெளியிட்டனர். இருவரும் ஒருவரையொருவர் கண்டாரல்லர். ஒருவர் காவியுடுத்த துறவி. மற்றவர் புகையிரதத்தில் சீட்டின்றி ஏறி ஊர்ஊராய்த் திரிந்த நாடோடி. ஆயினும் இருவரும் ஒரே வினாவை எழுப்பினர். ஒரே கணக்கைப் போட்டனர். பழங்காலத்து நரம்புக் கருவி ஒன்றனை மீண்டும் மரத்தினாற் செய்து பார்க்க விரும்பினர். அமெரிக்கர் செய்த கருவிகள் அவர் மறைவின் பின்னரும் அரங்குகளில் ஒலிக்கின்றன. அடிகளாரின் யாழோ பெரும்பாலும் நூலளவில் நின்றுவிட்டது. இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிகளாரின் வரலாறு நம்மவர் பலரும் அறிந்ததாகலின் இன்றியமையாதனவே ஈண்டுக் கூறுவாம். அவர் 1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் கிழக்கிலங்கையிற் காரைதீவில் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலங் கற்று, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சையில் தேறினார். அதே காலத்தில் கொழும்பில் விஞ்ஞானமும் பயின்றார். பின்னர் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பரீட்சை எழுதிப் பெற்றார். பகலிற் கற்பித்து இரவிற் படித்துப் பட்டம் பெறுவோர்க்கு அவரினும் பெரிய முன்னோடி நம் நாட்டில் இல்லை என்பது வெளிவாரிப் பட்டதாரியாகிய என் எண்ணம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியைத் துறந்து 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார்; 1924இல் துறவறம் பூண்டு விபுலாநந்தர் ஆயினார். நாடு திரும்பியபின் இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. திருக்கோணமலை இந்துக் கல்லூரியைச் சங்கம் ஏற்றபோது முகாமையாளராகவும் அதிபராகவும் இருந்து அதனை நடாத்தினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே.

இவற்றுள் நாம் கருத்திற் கொள்ளத்தக்கது ஒன்று. பண்டிதப் புலமையும் பௌதிகப் புலமையும் ஒருவரிடத்தே அமைந்தன. யாழைப் பற்றிய செய்திகள் சங்க நூல்களிலும், சிலப்பதிகாரத்தின் அரும்பதவுரையிலும், அடியார்க்கு நல்லார் உரையிலும் சிதறிக் கிடந்தன. பண்டிதர் அவற்றைப் படித்தனர். ஆயின் 'அலகு', 'இணை', 'கிளை' என்னுஞ் சொற்கள் எந்த ஒலியைக் குறிக்கின்றன என்பதை அறியும் வாயில் அவர்க்கு இல்லை. இசைவாணர் ஒலியை அறிந்தனர், உரையை அறிந்திலர். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இவ்விரண்டு கரைகளுக்குமிடையே பாலமிட்டார் அடிகள்.

அவர் கணக்கினை விளங்கிக்கொள்ளுதற்கு ஆர்மோனியத்திலிருந்து தொடங்குதல் நலம். நம் பாடசாலை ஒவ்வொன்றிலும் கூட்டுவழிபாட்டுக்கு ஆர்மோனியம் ஒன்று உண்டு. மேனாட்டார் தம் பியானோவுக்கென வகுத்த சமப்பகுப்பு முறையிலேயே அதன் சுரங்கள் அமைந்துள்ளன. ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமபங்காக்குவது அம்முறை. எந்தக் கட்டையை ஆதாரமாகக் கொண்டாலும் ஒரே வகையாக வாசிக்கலாம் என்பது அதன் வசதி. அவ்வசதிக்குக் கொடுத்த விலை யாது? ஆதாரக் குரலின் மீடிறன் செக்கனுக்கு 240 என்க. இயற்கையாக அதனோடு இயையும் இளி, அஃதாவது பஞ்சமம், 3:2 என்னும் விகிதத்தில் 360 ஆகும். ஆர்மோனியம் 359.6 ஒலிக்கும், குற்றம் சிறிது. ஆனால் இயற்கையான அந்தர காந்தாரம் 5:4 விகிதத்தில் 300 ஆக இருத்தல் வேண்டும், ஆர்மோனியமோ 302.4 ஒலிக்கும். இக்குற்றம் சிறிதன்று, பழகிய செவிக்கு நன்கு புலனாகும். அகில இந்திய வானொலி 1940 மார்ச்சு மாதத்தில் ஆர்மோனியத்தை விலக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

பழந்தமிழர் இவ்வாறு சமமாகப் பங்கிட்டிலர் என்பதே அடிகளார் நிறுவிய முதன்மையான முடிபு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு கூறுவர் உரையாசிரியர், கூட்டினால் 22. இங்கே 4 அலகு என்பது 9:8, 3 அலகு 10:9, 2 அலகு 16:15 என்னும் விகிதங்களாகக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். குரல் 240 ஆயின் துத்தம் 270, கைக்கிளை 300, உழை 320, இளி 360, விளரி 400, தாரம் 426 2/3, மேற்குரல் 480. ஒன்றும் பிசகவில்லை! குரலுக்கு இளி 3:2, குரலுக்கு உழை 4:3, கைக்கிளை 5:4. பொருள் விளங்காச் சூத்திரம்போற் கிடந்த எண்வரிசை, நம்மவர் இன்று அரிகாம்போதி என வழங்கும் மேளமாக எழுந்து நின்றது. அதுவே செம்பாலை என்றார் அடிகள்.

அவ்வேழு நரம்பினையும் மாற்றாது, துத்தத்தைக் குரலாக வைத்துத் தொடங்கின் படுமலைப்பாலை, அஃதாவது நடபைரவி பிறக்கும். உழை குரலாயின் அரும்பாலையாகிய சங்கராபரணம். இளி குரலாயின் கோடிப்பாலையாகிய கரகரப்பிரியா. விளரி குரலாயின் விளரிப்பாலையாகிய தோடி. தாரம் குரலாயின் மேற்செம்பாலையாகிய கல்யாணி. கைக்கிளை குரலாகப் பிறக்கும் செவ்வழிப்பாலைக்கு மாத்திரம் பஞ்சமம் நேராக அமையாது. ஆதலின் அஃது இன்றைய மேளகர்த்தாக்களுள் அடங்கவில்லை. ஒரு யாழில் நரம்பைத் தளர்த்தாமலே இத்தனை பாலையும் பெறலாம் என்னும்போது, பழம்பாணன் தோளிற் சுமந்தது எத்துணைப் பெரிய செல்வம் என்பது புலனாகின்றது.

இதனை அனைவரும் ஏற்றுக்கொண்டனர் என்று கருதற்க. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' செம்பாலையைச் சங்கராபரணம் என்றது. தானத்தை 24 சமபங்காக வகுப்பதே தமிழர் முறை என்றது. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் தம் புதல்வியரைக் கொண்டு அதனை அவர் மெய்ப்பித்துக் காட்டவும் முயன்றார். பண்டிதரின் உழைப்புப் பெரிது. அவரின்றி அடிகளாரின் நூல் பிறந்திராது என்று கூடச் சொல்லலாம். எனினும் சமபங்கு என்பது, 12 ஆயினும் 24 ஆயினும், இயற்கை விகிதத்தை எட்டுவதன்று. இவ்விடத்தில் அடிகளாரே சரியான பக்கத்தில் நின்றார் என்பது என் துணிபு. வேறு சில இடங்களில் அவர் முடிபுகள் ஐயத்துக்கிடமானவையே. அடியார்க்கு நல்லார் மேற்கோள் காட்டும் 'பஞ்சமரபு' 1970களிலேயே அச்சேறியது. அதனைக் காணும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை.

யாழ் நூல் பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களை உடையது. அதன் யாழுறுப்பியல் வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ், சீறியாழ் என்பவற்றை உறுப்பு உறுப்பாக ஆராய்கின்றது. பேரியாழுக்கு நரம்பு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் நூலை அச்சிட்டனர். 1947 யூன் 5ஆம், 6ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், ஞானசம்பந்தர் பாடல்பெற்ற அத்தலத்திலே, அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடிகளாரின் கணக்கின்படி செய்யப்பட்ட கருவிகள் அவைக்கு வந்தன. தஞ்சை நால்வர் மரபில் வந்த க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழ் வாசித்தார். பன்னூறாண்டு கழித்து ஒரு சபை அவ்வொலியைக் கேட்டது. அதன்பின் 43 நாட்களில், யூலை 19ஆம் நாள், அடிகள் கொழும்பிற் சமாதியடைந்தார்.

இனி அமெரிக்கரைக் காண்போம்.

ஹாரி பார்ட்ச் 1901 யூன் 24ஆம் நாள் கலிபோர்ணியாவின் ஓக்லண்ட் நகரிற் பிறந்தார். பெற்றோர் சீனத்தில் கிறித்தவ ஊழியஞ் செய்து, அங்கு அந்நியருக்கு எதிராக எழுந்த கலகத்தின்போது நாடு திரும்பியவர்கள். அரிசோனாப் பாலை நிலத்துச் சிற்றூர்களில் வளர்ந்த சிறுவன் தாய் பாடிய சீனத் தாலாட்டையும், செவ்விந்தியர் பாடலையும், தேவாலயக் கீதத்தையும் ஒருங்கே கேட்டான். இளமையிலேயே தந்தையையும் தாயையும் இழந்தான். சங்கீதக் கலாசாலையிற் சேர்ந்து மனம் பொருந்தாது விலகினான். 1923இல் ஒரு பொது நூல்நிலையத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜேர்மானிய விஞ்ஞானி எழுதிய ஒலியுணர்ச்சி பற்றிய நூல் அவன் கைக்கு எட்டியது. பியானோவின் சுரங்கள் இயற்கையோடு இயையாதவை என்பதை அந்நூலிலே கற்றான். அன்று தொடங்கியது அவனது வாழ்நாட் போராட்டம்.

1930இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில், அதுவரை பதினான்கு ஆண்டுகளாக எழுதி வைத்த இசைப்படைப்புகள் அனைத்தையும் இரும்பு அடுப்பொன்றில் இட்டு எரித்தார். நம்மவர் மொழியில் இதனைத் துறவு என்னாது வேறென்ன என்பது? சேர்த்த செல்வத்தை விடுத்தல் எளிது. செய்த படைப்பை விடுத்தல் அரிது.

எரித்தபின் அவரிடத்து எஞ்சியது ஒரு வயோலாவே. அதன் கழுத்தை நீளமாக்கி, விகிதங்களைக் குறித்து, சீனப் புலவர் லீ போ பாடல்களை அதனொடு பாடினார். மனிதன் பேசும்போது குரல் ஏறியிறங்கும் நுண்மை பியானோவின் பன்னிரண்டு கட்டைகளுக்குள் அடங்காது. ஆகவே சொல்லின் இயல்பான ஓசையைச் சிதையாமல் ஏந்தும் இசையே தமக்கு வேண்டும் என்றார். 11 வரையுள்ள எண்களாற் பிறக்கும் விகிதங்களைக் கொண்டு, தானம் ஒன்றனுள் 43 சுரத்தானங்களை வகுத்தார். நம் 22 அலகே மிகுதி என்று மாணவர் முறையிடுவதைக் கேட்டிருக்கின்றேன். அவர்கள் இதனைக் கருதுக.

1934இல் கார்னெகி நிதியத்தின் உதவியோடு இங்கிலாந்து சென்றார். பிரித்தானிய நூதனசாலையில் பழைய இசை நூல்களைப் பயின்றார். அயர்லாந்து சென்று புலவர் யேற்ஸைக் கண்டு, அவர் மொழிபெயர்த்த ஈடிப்பசு மன்னன் நாடகத்துக்கு இசையமைக்க இசைவு பெற்றார். நம் கட்டுரைக்கு மிக வேண்டியது மூன்றாவது சந்திப்பு. கத்லீன் ஷ்லெசிங்கர் என்னும் பெண்மணி பண்டைக் கிரேக்கரின் கித்தாரா என்னும் யாழ்வகையை ஆராய்ந்து, ஒரு கருவியைச் செய்வித்து வீட்டில் வைத்திருந்தார். பார்ட்ச் அதனைக் கண்டு குறிப்பெடுத்தார். நாடு திரும்பித் தாமே தச்சராகி, 1938இல் 72 நரம்புகளைப் பன்னிரு தொகுதியாக நிறுத்திய தம் கித்தாராவைச் செய்தார். மட்பாண்டத்து ஓவியத்திலிருந்து ஒரு நாட்டார் கித்தாராவை மீட்டதும், உரையாசிரியர் வாக்கியத்திலிருந்து மற்றொரு நாட்டார் யாழை மீட்டதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

ஆனால் இங்கிலாந்திலிருந்து திரும்பிய பார்ட்சை வரவேற்றது பொருளாதார வீழ்ச்சி. சரக்குப் புகையிரதங்களில் ஒளிந்தேறி, பழம் பறிக்கும் கூலியாகவும், அச்சுப் பிழை திருத்துவோராகவும் பலகாலம் அலைந்தார். பார்ஸ்ரோ என்னும் ஊர்ப் பெருந்தெருவோரத்துக் கம்பித்தடுப்பில், வழிப்போக்கர் எண்மர் எழுதிச்சென்ற வாசகங்களைக் கண்டார். கதிர்காம யாத்திரிகர் மடத்துச் சுவரிற் கரியால் எழுதிச் செல்லும் ஊரும் பேரும் போன்றவை அவை. 1941இல் அவ்வாசகங்களையே எடுத்து இசையமைத்தார். எழுதியவர் குரலின் களைப்பும் நகையும் பாட்டிற் கேட்கும். 1943இல் புகையிரதப் பயணமொன்றையே இசையாக்கினார். மாளிகைச் சங்கீதத்துக்குப் பழகிய மேனாட்டார் இதனைக் கேட்டுத் திகைத்தனர். பாணர் கூட்டமும் பசியும் ஆற்றுப்படைப் பாட்டாகிய தமிழ்நாட்டவர்க்குத் திகைக்க ஒன்றுமில்லை.

அவர் செய்த கருவிகள் பல. அவற்றுள் இரண்டனை மாத்திரம் கூறுவேன். ஒன்று, ஆர்மோனியத்துக்கு நெருங்கிய உறவான மிதியோர்கன். அதன் உலோக நாக்குகளைத் தாமே சுருதி மாற்றியமைத்து 43 தானங்களும் ஒலிக்குமாறு செய்தார். குற்றம் கருவியிலன்று, சுருதியிலே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது; ஆர்மோனியத்தை முற்றும் விலக்கிய வானொலியார் இவ்வழியை நினைந்திலர். மற்றொன்று 1950இல் அவர் அமைத்து 'போரின் கொள்ளைப்பொருள்' எனப் பெயரிட்டது. பீரங்கிக் குண்டுகளின் பித்தளைக் கோதுகளைத் தூக்கித் தட்டி ஒலிக்கச் செய்வது. திருக்கோணமலையாருக்கு இது நன்கு விளங்கும். 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானியர் நம் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தனர். அக்காலத்துக் கோதொன்று எங்கள் அயல்வீட்டில் பூச்சாடியாக நின்றதை நான் சிறுவயதிற் கண்டிருக்கின்றேன். அதனைத் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும்; ஏசும் விழும்.

1952இல் ஈடிப்பசு நாடகம் ஓக்லண்டில் மேடையேறியது. யேற்ஸ் அதற்குள் மறைந்துவிட்டார். அவர் நூலுரிமை பெற்றோர் ஒலிப்பதிவுக்கு உடன்பட்டிலர். பார்ட்ச் மனந்தளராது வேறு மொழிபெயர்ப்பமைத்து மீண்டும் இசையமைத்தார். கைவிடப்பட்ட கப்பற்றளமொன்றில் குடியிருந்து, தம் இசைத்தட்டுகளைத் தாமே பதிந்து தபாலில் விற்றார். 1969இல் யப்பானிய நோ நாடகத்தையும் ஆபிரிக்கக் கதையொன்றையும் இணைத்து அவர் அமைத்த பெருநாடகம் லொஸ் ஏஞ்சலிஸில் அரங்கேறியது. அதில் கருவிகளே மேடையின் காட்சியாக நின்றன. 1974 செப்டெம்பர் 3ஆம் நாள் சான் டியேகோவில் இறந்தார். அரைநூற்றாண்டுக் காலத்தில் நிலையான பதவி ஒன்றும் அவருக்கு வாய்க்கவில்லை. அடிகளாரோ இரு பல்கலைக்கழகங்களின் முதற் பேராசிரியர்.

ஆயின் 2013இல் ஜேர்மனி நாட்டு இசைக்குழு ஒன்று பார்ட்சின் கருவித்தொகுதி முழுவதையும் அவர் விட்டுச் சென்ற அளவுகளைக் கொண்டு புதிதாகச் செய்வித்து அப்பெருநாடகத்தை மீண்டும் நடித்தது. பதவியற்றவன் கருவி பிழைத்தது. பேராசிரியர் கருவி பிழைத்திலது. ஏன்?

அடிகளாருக்குக் காலம் கிடைக்கவில்லை என்பது எளிதான விடை. பார்ட்ச் தம் நூலை வெளியிட்டபின் 25 ஆண்டு வாழ்ந்தார். ஆனால் காலம் ஒன்றே காரணமாகாது. யாழ் ஏன் முதலில் மறைந்தது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். யாழின் நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுரத்தையே தரும்; வீணையிலோ மெட்டின்மேல் நரம்பை இழுத்தும் வழுக்கியும் கமகம் பிடிக்கலாம். திருத்தருமபுரத்தில் ஞானசம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காதுபோக, யாழ்ப்பாணர் நாணித் தம் யாழை உடைக்க ஓங்கினார் என்றும், பிள்ளையார் அதனைத் தடுத்து, இயன்ற அளவு வாசிக்கப் பணித்தார் என்றும் சேக்கிழார் பாடுவர். பத்தியால் இதனைப் படிப்போர் பதிகத்தின் பெருமையைக் காண்பர். இசை வரலாறு பயில்வோன் அங்கே வேறொன்றும் காண்பான்: மிடற்றிசை கமகத்தை நோக்கி வளர, நரம்பிசை பின்தங்கிய காலத்தின் நினைவு அக்கதையிற் பொதிந்துள்ளது. சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் வில்யாழ் போன்ற வீணையோடு வீற்றிருக்கின்றான். பிற்காலச் சிற்பங்களில் அவ்வடிவம் அருகி, தண்டி வீணையே மிகுகின்றது. அவ்வினத்துக் கருவி பர்மியரிடத்தே 'சௌங்' என்னும் பெயரோடு இன்றும் வாழ்கின்றது. அங்கே அதற்கெனப் பாட்டுகள் உண்டு. அதற்கென ஆசிரியரும் உண்டு.

இங்கேதான் இருவர் வழியும் பிரிந்தன. பார்ட்ச் பழங்கருவியைச் செய்தபின், அதற்கெனப் புதிய பாட்டும் நாடகமும் எழுதினார். மாணவரை அழைத்துவந்து மாதக்கணக்கிற் பயிற்றினார். கித்தாரா என்ன செய்யவல்லதோ அதனையே கேட்டார்; வயலினுக்குரியதை அதனிடங் கேட்டிலர். அடிகளார் யாழை மீட்டது பழம் பண்களை அறிதற்பொருட்டு. அது தேவாரத்தை வாசிக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. தேவாரம் அதற்குள் கமகத்தோடு பாடப்படும் இசையாகிவிட்டது. யாழுக்கென ஒருவரும் ஒரு புதுப்பாட்டும் இயற்றவில்லை. நூலைப் பெற்றவர் பெரும்பாலும் புலவர். அவர்கள் அதனைச் சிலப்பதிகாரத்துக்கு உரைவிளக்கமாகப் போற்றினர். யாழுறுப்பியலை ஒரு தச்சன் கையிற் கொடுக்க எண்ணியவர் மிகச் சிலரே. கடந்த சில ஆண்டுகளில் சென்னையில் இளைஞர் சிலர் யாழ் செய்து, அதிலே புதிய பாட்டுகளை வாசிக்கத் தொடங்கியிருக்கின்றனர். அவர்கள் பிடித்த வழி பார்ட்சின் வழி.

நம் மாணவர் 4, 4, 3, 2, 4, 3, 2 என்னும் எண்களை வினாத்தாளுக்காக மனனஞ் செய்து புள்ளி பெறுகின்றனர். அவ்வெண்கள் குறிக்கும் ஒலியை அவருட் பலர் கேட்டதில்லை. கேட்பதற்கு யாழ் வேண்டும் என்பதுமில்லை. பௌதிக ஆய்வுகூடத்துச் சுரமானி போதும். ஒரு கம்பியின் 90 சதமமீற்றர் நீளத்தைக் குரலாக வைத்து, குதிரையை நகர்த்தி 80, 72, 67.5, 60, 54, 50.6, 45 என்னும் நீளங்களில் மீட்டினால் செம்பாலை முழுவதும் ஒலிக்கும். சென்ற தவணையில் பத்தாம் வகுப்பாரோடு இதனைச் செய்தோம். 72இல் நின்ற கைக்கிளையையும், ஆர்மோனியத்தின் காந்தாரத்துக்கு நேராகும் 71.4ஐயும் மாறிமாறி மீட்டி, ஆதாரக் குரலோடு எது இயைகின்றது என வினவினேன். இடைவெளி அரைச் சதமமீற்றருக்குச் சற்று மேல். பண்ணிசை பயிலும் மாணவியர் இருவர் உடனே 72 என்றனர்; வகுப்பிற் பெரும்பாலார் ஆர்மோனியத்தின் பக்கமே நின்றனர்.